மூலிகைப் பொடிக்குள் என்ன இருக்கிறது? சீன மருந்துகளின் தரச் சோதனையும் அதன் ஓட்டைகளும்

1990-ல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் கிளினிக் ஒன்று, தான் கொடுத்துவந்த மருந்துக் கலவையில் இரண்டு சீன மூலிகைப் பொடிகளைப் புதிதாகச் சேர்த்தது. அதில் ஒன்று ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேர். அதிகம் கெடுதல் செய்யாத சரக்கு. கொஞ்ச காலத்தில் அந்த கிளினிக்கில் மருந்து வாங்கிய பெண்கள், ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 1993-ல் வான்ஹெர்வெகெம் என்ற சிறுநீரக மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை பின்னால் நூறைத் தாண்டியது.

பொடியைச் சோதித்துப் பார்த்ததில், பெரும்பாலான மூட்டைகளில் ஸ்டெபானியாவுக்கே உரிய டெட்ராண்ட்ரின் என்ற சேர்மம் இல்லை. அதற்குப் பதில் ஆரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது. ஸ்டெபானியாவுக்குச் சீனச் சந்தையில் 'ஹான் ஃபாங்ஜி' என்று பெயர். ஆரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த வேறொரு வேருக்கு 'குவாங் ஃபாங்ஜி'. இரண்டையும் வெறும் 'ஃபாங்ஜி' என்றே வியாபாரத்தில் சொல்வார்கள். அந்த இடத்தில்தான் சரக்கு மாறியது. இந்த அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு புற்றுநோயையும் உண்டாக்கும். முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றிக்கொண்ட 39 நோயாளிகளில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது என்று 2000-ல் வெளியான ஆய்வு சொன்னது.

சீனா 2003-லும் 2004-லும் ஆரிஸ்டோலோக்கியா சரக்குகள் மூன்றைப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. எந்த மருந்து எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அரசுத் தரநூலின் 2020 பதிப்பில் இன்னும் இரண்டு போயின. நம் பக்கம் இதே குடும்பச் செடிகள் ஆடுதீண்டாப்பாளையும் கருடக்கொடியும். இரண்டிலும் ஆரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் இவற்றைக் கேட்டு வாங்குகிறவர்கள் இந்த பெல்ஜியக் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனி கேள்விக்கு வருவோம். ஒரு மாத்திரையில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வகத்துக்கு அரை நாள் வேலைகூட இல்லை. ஒரே பொருள், அதன் வடிவம் தெரியும், வேலை செய்வதும் அதுதான். மூலிகை அப்படியல்ல. ஒரு வேரில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கும். அவற்றில் நோயைத் தீர்ப்பது எது என்று பல சரக்குகளில் இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அதே செடி வேறு மண்ணில், வேறு மாதத்தில் பறித்தால் அளவுகள் மாறும். காயவைத்த விதம், வறுத்த விதம், கிடங்கில் கிடந்த காலம் எல்லாம் சேர்ந்து அளவை மாற்றும். அப்படியிருக்க, "இது தரமான சரக்கு" என்று எதை வைத்துச் சொல்வது? சீன அரசு 1953-ல் தன் முதல் மருந்துத் தரநூலை வெளியிட்டதிலிருந்து இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: எந்தச் சோதனையும் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும், கலப்படம் செய்கிறவரும் அதே தரநூலைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.

முதல் சோதனை கண், மூக்கு, நாக்கு. இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பழுத்த அனுபவமுள்ள சீனச் சரக்கு வியாபாரி வேரை உடைத்து, முறிந்த இடத்தைப் பார்த்து, நுனியைக் கடித்தே ஊரையும் வயதையும் சொல்லிவிடுவார். தரநூலிலும் ஒவ்வொரு சரக்குக்கும் நிறம், வாசனை, ருசி விவரங்கள் இன்றும் முதலில்தான் வருகின்றன. சிக்கல் எங்கே என்றால், அரைத்துப் பொடியாக்கிய பிறகு கண்ணுக்கு வேலை இல்லை. பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவுக்கு ஜப்பானில் ஓர் இரட்டை இருக்கிறது. அதில் அனிசாட்டின் என்ற நரம்பு நஞ்சு உண்டு. முழுப் பூவாக இருக்கும்போதே இரண்டையும் பிரிப்பது கஷ்டம். 2001-ல் நெதர்லாந்தில் மூலிகைத் தேநீர் குடித்தவர்களுக்கு வலிப்பு வந்தபோது, இந்தக் கலப்புதான் காரணம் என்று தெரிந்தது.

பொடிக்கு மைக்ராஸ்கோப். இது பழைய கருவிதான், ஆனால் இதைவிட மலிவாக இவ்வளவு சொல்லும் கருவி இன்னும் வரவில்லை. ஜின்செங் வேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, குளோரல் ஹைட்ரேட் கரைசல் சொட்டு விட்டுச் சூடுகாட்டினால் மாவுச்சத்து கரைந்து செல்கள் தெளிந்து தெரியும். ஜின்செங் என்றால் மஞ்சள் கட்டிகள் அடைத்த பிசின் குழாய்த் துண்டுகளும், கூர் முனைகள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கால்சியம் ஆக்சலேட் கொத்துப் படிகங்களும் தெரிய வேண்டும். சந்தையில் ஜின்செங் என்று தலையில் கட்டப்பட்டவற்றில் ஒன்று, நம் வீட்டு வாசலில் சாயங்காலம் பூக்கும் அந்திமந்தாரையின் கிழங்கு. காய்ந்த பின் பார்வைக்கு ஏமாற்றும். மைக்ராஸ்கோப்பில் அதன் படிகங்கள் கொத்தாக இராது, ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பார்க்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

ஆனால் மைக்ராஸ்கோப் செல்லைப் பார்க்கிறதே தவிரச் சத்தைப் பார்ப்பதில்லை. ஜின்செங்கைச் சாராயத்தில் ஊறவைத்துச் சத்தையெல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சிய சக்கையைக் காயவைத்து மறுபடி விற்றால்? படிகம் அப்படியே இருக்கும், பிசின் குழாயின் சுவரும் இருக்கும். இங்கேதான் வேதியியல் உள்ளே வருகிறது.

முதலில் வந்தது டி.எல்.சி. எனப்படும் மெல்லடுக்கு குரோமடோகிராபி. கண்ணாடித் தகட்டில் சிலிக்கா ஜெல்லை மெலிதாகப் பூசியிருப்பார்கள். அதன் அடியில் சரக்கின் சாற்றை ஒரு புள்ளி, பக்கத்தில் அரசு ஆய்வகம் தரும் அசல் மூலிகையின் சாற்றை ஒரு புள்ளி, அதற்கும் பக்கத்தில் தூய சேர்மத்தை ஒரு புள்ளி வைத்து, தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலே ஏற ஏற ஒவ்வொரு சேர்மமும் தன் குணத்துக்கு ஏற்ற உயரத்தில் நின்றுவிடும். ஃபாங்ஜிக்கு என்றால், ஏறி முடிந்த தகட்டின் மேல் பிஸ்மத் பொட்டாசியம் அயோடைடு கரைசலைத் தெளிப்பார்கள். டெட்ராண்ட்ரின் மாதிரி நைட்ரஜன் உள்ள தாவரச் சேர்மங்களான ஆல்கலாய்டுகள் இருக்கும் இடமெல்லாம் ஆரஞ்சுப் புள்ளியாக எழும். டெட்ராண்ட்ரினுக்கு உரிய உயரத்தில் புள்ளி வரவில்லை என்றால் அது ஸ்டெபானியா இல்லை, அவ்வளவுதான். பிரஸ்ஸல்ஸுக்குப் போன மூட்டைகளை யாராவது ஒருவர் துறைமுகத்திலோ கிடங்கிலோ இப்படி ஒரு தகட்டில் ஏற்றியிருந்தால் போதும். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

டி.எல்.சி. 'இருக்கிறதா' என்று சொல்லும். 'எவ்வளவு' என்று உறுதியாகச் சொல்ல எச்.பி.எல்.சி. எனப்படும் உயர் அழுத்தத் திரவ குரோமடோகிராபி வேண்டும். மணல்போன்ற நுண்துகள் அடைத்த எஃகுக் குழாய்க்குள் சாற்றை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு சேர்மமும் வெவ்வேறு நிமிடத்தில் மறுமுனையில் வெளிவரும். அங்கே ஒரு புற ஊதாக் கண் அதைப் பார்த்து, திரையில் மலை மலையாக வரைந்துகொண்டே போகும். லேப் பேச்சில் இந்த மலைகள் 'பீக்'. பீக்கின் பரப்பை ஸ்டாண்டர்டின், அதாவது அளவு தெரிந்த தூய சேர்மத்தின், பரப்போடு ஒப்பிட்டால் அளவு வந்துவிடும். ஜின்செங்குக்குச் சீனத் தரநூல் கேட்பது, அந்த வேரின் முக்கியச் சேர்மங்களான ஜின்செனோசைடுகளில் ஆர்.ஜி.1, ஆர்.ஈ. இரண்டும் சேர்ந்து குறைந்தது 0.30 சதவீதம், ஆர்.பி.1 குறைந்தது 0.20 சதவீதம். சக்கை இங்கே மாட்டிக்கொள்ளும். அமெரிக்க ஜின்செங்கை ஆசிய ஜின்செங்காக விற்றாலும், அல்லது மறுதலையாக விற்றாலும் தெரியும்: ஆசிய வேரில் ஆர்.எஃப். என்ற சேர்மம் இருக்கும், அமெரிக்க வேரில் அது இராது. அதற்குப் பதில் சூடோஜின்செனோசைடு எஃப்.11 இருக்கும்.

இப்படி ஒன்றிரண்டு சேர்மங்களைப் பிடித்து அளப்பதற்கு 'மார்க்கர்' முறை என்று பெயர். பல ஆண்டுகள் தரக் கட்டுப்பாடு என்றாலே இதுதான். வசதியான முறை, சந்தேகமில்லை. ஆனால் உப்பு சரியாக இருக்கிறது என்பதற்காகச் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பது போன்ற வேலை இது. அதைவிட மோசம், எந்தப் பொருளை அளக்கிறோம் என்று முன்கூட்டியே ஊருக்கெல்லாம் அச்சிட்டுச் சொல்லிவிடுகிறோம்.

கிங்கோ விவகாரத்தில் இது நன்றாகவே அம்பலப்பட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கிங்கோ இலைச் சாறு ஞாபகசக்திக்கும் ரத்த ஓட்டத்துக்கும் என்று உலகம் முழுக்க விற்கும் பொருள். இலையை நீர்த்த எத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுத்துச் செறிவாக்குவார்கள். தரநூல் கேட்பது இரண்டு எண்கள்: ஃபிளவனால் கிளைகோசைடுகள் 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன்கள் 6 சதவீதம். இந்த ஃபிளவனால் கிளைகோசைடு ஒரே பொருள் அல்ல. ஒரு அடிப்படை மூலக்கூறில் வெவ்வேறு சர்க்கரைகள் வெவ்வேறு விதமாக ஒட்டி உண்டான பல சேர்மங்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஸ்டாண்டர்டு வாங்கி அளப்பது கட்டுப்படியாகாது. அதனால் வேதியியலாளர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். சாற்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் சர்க்கரையெல்லாம் கழன்றுவிடும். கடைசியில் மிஞ்சுவது குவெர்செட்டின், கேம்ஃபெரால், ஐசோராம்னெட்டின் என்று மூன்றே மூன்று. மூன்றையும் அளந்து, கூட்டி, 2.51 ஆல் பெருக்கினால் மொத்த கிளைகோசைடு வந்துவிடும். அழகான முறை.

ஓட்டை எங்கே என்று பார்த்தீர்களா? கொதிக்கவைத்த பிறகு அந்தக் குவெர்செட்டின் எங்கிருந்து வந்தது என்று சொல்ல யாருமில்லை. ரூட்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. சோஃபோரா என்ற மரத்தின் பூமொட்டிலிருந்து மூட்டை மூட்டையாக, மலிவாகக் கிடைக்கும். அது குவெர்செட்டினில் சர்க்கரை ஒட்டிய சேர்மம்தான். மட்டமான கிங்கோச் சாற்றில் ரூட்டினைக் கொட்டினால், சோதனையின் அமிலமே அதைக் குவெர்செட்டினாக வெட்டிக் கொடுத்து, 24 சதவீதத்தை நிரப்பிவிடும். தரநூல்காரர்கள் விழித்துக்கொண்டு, குவெர்செட்டினுக்கும் கேம்ஃபெராலுக்கும் உள்ள விகிதம் 0.8-இலிருந்து 1.2-க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். ரூட்டினை மட்டும் கொட்டினால் குவெர்செட்டின் எகிறி விகிதம் கெடும். சரி, கலப்படக்காரர் என்ன செய்வார்? கேம்ஃபெரால் தரக்கூடிய சோஃபோராக் காயின் சாற்றையும் சேர்ப்பார். அதைப் பிடிக்க, சோஃபோராவில் உண்டு, கிங்கோவில் எதிர்பார்க்க முடியாது என்ற ஜெனிஸ்டீன் தலைகாட்டுகிறதா என்று ஆய்வகம் தேடும். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

2015 மே மாதம் சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சில ஆலைகள் எத்தனாலுக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டே இலையிலிருந்து சாறெடுக்கின்றன என்பது அதன் சாரம். அமிலம் மலிவு. ஆனால் சர்க்கரைகள் ஆலையிலேயே கழன்றுபோய், சாறு வேறு பொருளாக மாறியிருக்கும். பழைய சோதனைக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அந்தச் சோதனை செய்யும் முதல் வேலையே அமிலம் ஊற்றுவதுதான். ஆலையில் கழன்றதும் ஆய்வகத்தில் கழன்றதும் கடைசியில் ஒரே பீக். அமைப்பு உடனே ஒரு துணைச் சோதனை முறையை அறிவித்தது. அது மிக எளிது: அமிலம் ஊற்றாமல் ஒருமுறை அளந்து பாருங்கள். ஒழுங்கான சாற்றில் சர்க்கரை கழன்ற நிலையில் குவெர்செட்டின் கொஞ்சம்தான் இருக்கும். அமிலத்தில் எடுத்த சாற்றில் ஏகமாக இருக்கும். ஒரு படியைக் குறைத்ததால் மட்டுமே பிடிபட்ட மோசடி இது. நாடு முழுக்கக் கிங்கோ மருந்துகள் திரும்பப் பெறப்பட்டன.

இந்த மாதிரி ஆட்டத்துக்குப் பதிலாகச் சீனா முன்வைத்தது 'கைரேகை' முறை. ஒன்றிரண்டு பீக்கைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், எச்.பி.எல்.சி. வரையும் மலைப் படம் (குரோமடோகிராம்) முழுவதையும் ஒரு கைரேகையாக எடுத்துக்கொள்வது. நல்ல சரக்கு என்று உறுதியான பல மூட்டைகளின் வரைபடங்களைச் சேர்த்து ஒரு சராசரி வரைபடம் செய்வார்கள். புதிய மூட்டையின் வரைபடம் அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணினி ஒரு எண் தரும். 1 என்றால் அச்சு அசல். 0.90-க்கு மேல் இருந்தால் பல தயாரிப்புகளில் ஏற்றுக்கொள்வார்கள். 2000-ல் சீனா இதை முதலில் மூலிகை ஊசி மருந்துகளுக்குக் கட்டாயமாக்கியது. மூலிகைச் சாற்றை நேராக ரத்தக் குழாயில் ஏற்றுவது சீனாவில் பெரிய தொழில். ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

இந்த முறையை நான் மதிக்கிறேன், ஆனாலும் அந்த 0.90 என்ற எண்ணின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கணக்கு எப்படி என்றால், ஒவ்வொரு வரைபடத்தின் பீக் பரப்புகளையும் ஒரு வரிசை எண்களாக வைத்து, இரண்டு வரிசைகளுக்கு இடையிலான கோணத்தைப் பார்க்கிறார்கள். இதில் பெரிய பீக்குகள் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நான்கு பெரிய மலைகள் சரியாக இருந்தால், ஓரத்தில் புதிதாக முளைத்த ஒரு சின்ன மேடு எண்ணை அசைக்காது. அந்தச் சின்ன மேடு நஞ்சாக இருக்கலாம். அதோடு, புற ஊதா ஒளியை உறிஞ்சாத சர்க்கரைகள் இந்த வரைபடத்தில் வரவே வராது. பாக்டீரியாவும் வராது. 2008-ல் யுன்னான் மாகாணத்தில் சிவுஜியா என்ற மூலிகை ஊசி போட்ட நோயாளிகளில் 3 பேர் இறந்தார்கள். மழைநீரில் ஊறிப்போன பாட்டில்களை லேபிள் மாற்றி விற்றிருந்தார்கள், உள்ளே கிருமி வளர்ந்திருந்தது. எந்தக் குரோமடோகிராபியும் அதைச் சொல்லியிருக்காது.

இன்னொரு பிரச்சினை பணம். தூய ஸ்டாண்டர்டுகள் சில மில்லிகிராமே வரும், விலை கடுமையாக இருக்கும். அதற்குச் சீனத் தரநூல் 2010-ல் ஒரு நல்ல வழி செய்தது. ஹுவாங்லியன் என்ற மஞ்சள் நிறக் கிழங்கில் பெர்பெரின், எபிபெர்பெரின், காப்டிசின், பால்மட்டின் என நான்கு ஆல்கலாய்டுகளை அளக்க வேண்டும். நான்கும் நெருங்கிய உறவு, ஒளியை உறிஞ்சும் விதமும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் மலிவாகக் கிடைக்கும் பெர்பெரினை மட்டும் ஸ்டாண்டர்டாக வைத்து, மற்ற மூன்றையும் அதைக்கொண்டே கணக்கிடலாம் என்றார்கள். நம் மரமஞ்சளிலும் இந்தப் பெர்பெரின்தான் மஞ்சள் நிறம் தருவது. பெர்பெரினை மட்டும் பார்த்தால் ஹுவாங்லியனும் அதைவிட மலிவான ஹுவாங்போ மரப்பட்டையும் வித்தியாசம் தெரியாமல் போகும். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் தப்ப முடியாது.

எல்லாச் சரக்கிலும் 'அதிகம் இருந்தால் நல்லது' என்ற கணக்கு செல்லாது. ஃபூஸி என்ற அகோனைட் கிழங்கு நம் நாபியின் உறவு. பச்சையாகத் தின்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆளை முடித்துவிடும். அகோனிட்டினும் அதன் கூட்டாளிகள் இரண்டும்தான் காரணம். இவை ஒவ்வொன்றின் மூலக்கூறிலும் எஸ்டர் என்ற வகை இணைப்பு இரண்டு, இரண்டு கைகள் போல, உண்டு. கிழங்கை நீண்ட நேரம் அவித்தால் ஒரு கை உடைந்து, நச்சு பல மடங்கு குறைந்த ஒற்றை எஸ்டராகும். இன்னும் அவித்தால் இரண்டாவது கையும் போய், நச்சும் போய் மருந்தும் போய்விடும். அதனால் பக்குவம் செய்த ஃபூஸிக்குத் தரநூல் இரண்டு பக்கமும் வேலி போடுகிறது: இரட்டை எஸ்டர்கள் மூன்றும் சேர்ந்து 0.020 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒற்றை எஸ்டர்கள் 0.010 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவித்தது போதுமா, மிஞ்சிவிட்டதா என்ற இரண்டுக்கும் ஒரே குரோமடோகிராமில் பதில். சித்த மருத்துவத்தில் நாபியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்வதற்குப் பின்னாலும் இதே வேதியியல் இருக்கிறது. நான் பார்த்த தரச் சோதனைகளிலேயே பாரம்பரியப் பக்குவத்தை உண்மையாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது இதுதான் என்பேன்.

இதே மாதிரி யோசனை ஷிசின் என்ற சரக்கிலும் தெரிகிறது. அது ஆரிஸ்டோலோக்கியாவின் தூரத்துச் சொந்தம். முன்பு முழுச் செடியையும் பயன்படுத்தினார்கள். அமிலம் இலைப் பகுதியில்தான் கூடுதல் என்று தெரிந்ததும் 2005 பதிப்பு வேரை மட்டும் அனுமதித்தது, ஆரிஸ்டோலோக்கிக் அமிலத்துக்கு 0.001 சதவீத உச்சவரம்பும் வந்தது.

வெளியிலிருந்து வந்து சேரும் அசுத்தங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முறைகள் உணவுச் சோதனையில் உள்ளவைதான். தடைசெய்த 33 பூச்சிக்கொல்லிகள் 2020 பதிப்பின்படி எந்தத் தாவரச் சரக்கிலும் தென்படக் கூடாது. பூஞ்சை பிடிக்கக்கூடிய சரக்குகளில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் வரைதான். ஒரு விஷயம் மட்டும் சுவாரஸ்யம்: கந்தகப் புகை. வேர் வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் வாங்குகிறவர் கண்ணுக்குப் பிடிக்கும் என்பதால் வியாபாரிகள் கந்தகத்தை எரித்துப் புகை போடுவார்கள். நம்மூர்க் கொப்பரைக்கும் போடுகிறார்களே, அதேதான். தரநூல் மிஞ்சிய சல்ஃபர் டை ஆக்சைடுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 150 மில்லிகிராம், குறிப்பிட்ட சில சரக்குகளுக்கு 400 என்று வரம்பு வைத்தது. ஆனால் வாயு பறந்துபோன பிறகும் தடயம் இருக்கிறது. வெள்ளைப் பியோனி வேரின் முக்கியச் சேர்மமான பியோனிஃப்ளோரின், கந்தகப் புகை பட்டால் சல்ஃபோனேட்டாக மாறிவிடும். மூலக்கூறுகளின் எடையைப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பொருத்திய எச்.பி.எல்.சி. அதைக் காட்டிக்கொடுக்கும்.

டி.என்.ஏ. சோதனை வந்தபோது இனி எல்லாம் தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். சில இடங்களில் அது நிஜமாகவே தீர்த்தும் வைத்தது. இருமலுக்குக் கொடுக்கும் சுவான் பெய்மூ என்பது உயர்ந்த மலைப் பகுதியில் விளையும் சின்னக் கிழங்கு, யானை விலை. பிங் பெய்மூ என்ற வடகிழக்குச் சீனக் கிழங்கு பார்வைக்கு ஒத்துப்போகும், விலை குறைவு. தரநூல் சொல்லும் முறை: கிழங்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஒரு குறிப்பிட்ட பகுதியை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, ஸ்மா-1 என்ற வெட்டு நொதியை ஊற்று. சுவான் பெய்மூவின் வரிசையில் அந்த நொதி வெட்டும் இடம் இருக்கிறது, அதனால் ஒரு துண்டு இரண்டாகும். ஜெல்லில் இரண்டு கோடுகள் தெரியும். போலியில் வெட்டுவதற்கான இடமே இல்லை. பாம்புச் சரக்குகளுக்கும் தரநூலில் பி.சி.ஆர். உண்டு. தோலை உரித்துக் காய்ந்துபோன பாம்பை வேறெப்படிப் பிரிப்பது? ஆனால் கஷாயமாகக் கொதித்த பின் டி.என்.ஏ. சிதைந்துவிடும். கழுதைத் தோலைக் காய்ச்சிச் செய்யும் எஜியாவ் கட்டிக்கு டி.என்.ஏ. உதவாமல், புரதத்தை டிரிப்சினால் வெட்டி, கழுதைக்கு மட்டுமே உரிய பெப்டைடைத் தேடுகிறார்கள். மாட்டுத்தோல், பன்றித்தோல் கலந்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, டி.என்.ஏ. சொல்வது செடியின் பெயரை மட்டும்தான். சத்தெடுத்த ஜின்செங் சக்கையின் டி.என்.ஏ. சுத்தமான ஜின்செங் டி.என்.ஏ.தான்.

சரக்கைப் பற்றிய சோதனைகள் எல்லாம் தேறினாலும் கடைசியில் ஒரு பொறி இருக்கிறது: மூலிகை மாத்திரைக்குள் ஒளித்துவைத்த அலோபதி மருந்து. சர்க்கரை நோய் மாத்திரையில் ரத்தச் சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு, மூட்டுவலிப் பொடியில் டெக்சாமெத்தசோன், ஆண்மைக் கேப்சூலில் சில்டெனாஃபில். சிங்கப்பூரில் 2008-ன் முதல் மாதங்களில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். போலி ஆண்மை மாத்திரையிலும் மூலிகை என்று விற்ற தயாரிப்புகளிலும் சில்டெனாஃபிலோடு கிளிபென்கிளமைடும் கலந்திருந்தது. இதைப் பிடிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிதான் ஆயுதம். தெரிந்த மருந்துகளின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால், கலப்படக்காரர் சில்டெனாஃபிலில் ஓர் அணுக்கூட்டத்தை மாற்றிப் பட்டியலில் இல்லாத புதுப் பொருளாகப் போடுகிறார். அதனால் பட்டியல் இல்லாமலே, துண்டுகளின் எடையைப் பார்த்து 'இது சில்டெனாஃபில் குடும்பம்' என்று மோப்பம் பிடிக்கும் முறைகளுக்கு ஆய்வகங்கள் நகர்ந்துவிட்டன.

கன உலோகங்களில்தான் சீன மருத்துவமும் நம் மருத்துவமும் ஒரே முட்டுச்சந்தில் நிற்கின்றன. சீனத் தரநூலின் வரம்பு ஈயத்துக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், காட்மியம் 1, ஆர்செனிக் 2, பாதரசம் 0.2. போஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் கன உலோகம் இருந்தது என்று 2004-ல் ஓர் ஆய்வு வெளிவந்து பரபரப்பானது. அதன் பிறகு, இந்திய அரசு 2006 ஜனவரி 1 முதல் ஏற்றுமதியாகும் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கியது. இங்கே வரம்பு ஈயம் 10, காட்மியம் 0.3, ஆர்செனிக் 3, பாதரசம் 1. ஆனால் இது முழுக்க மூலிகையால் ஆன மருந்துகளுக்கு மட்டும். உலோகமும் தாதுவும் சேர்த்துச் செய்யும் செந்தூரமும் பற்பமும் இதற்குள் வரா. சீனாவிலும் அதே கதை: ஆங்கோங் நியூஹுவாங் என்ற புகழ்பெற்ற உருண்டையில் பாதரசத் தாதுவான சாதிலிங்கமும் ஆர்செனிக் தாதுவான மனோசிலையும் வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றன. சாதிலிங்கம் என்றால் 96 சதவீதத்துக்குக் குறையாமல் மெர்குரிக் சல்ஃபைடு இருக்க வேண்டும் என்று அதே தரநூல் இன்னொரு பக்கத்தில் கேட்கிறது.

ஆய்வகங்களில் உலோகம் அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். இயந்திரம் பத்தாயிரம் டிகிரியை எட்டும் பிளாஸ்மாவில் எல்லாவற்றையும் அணுவாக உடைத்துவிட்டு எண்ணும். மீனில் இருக்கும் மெத்தில் மெர்குரியும் வயிற்று அமிலத்தில் லேசில் கரையாத சாதிலிங்கமும் அதற்கு ஒரே பாதரசம்தான். எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் எச்.பி.எல்.சி.யில் பிரித்துவிட்டு அந்தக் கருவிக்கு அனுப்ப வேண்டும், அல்லது செயற்கை இரைப்பை நீரில் ஊறவைத்துக் கரைந்து வந்ததை மட்டும் அளக்க வேண்டும். சாதிலிங்கத்தை நெருப்பில் காட்டாதே, நீர் விட்டரைத்துத் தெளிவிறுத்து எடு என்று சீன மரபு சொல்வதற்குக் காரணமும் இதுதான்: சூடானால் பாதரசம் தனியே பிரியும். சூடு பட்ட மூட்டைக்கும் படாத மூட்டைக்கும் மொத்தப் பாதரசக் கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வரலாம். மேலே சொன்ன இரைப்பை நீர்ச் சோதனையில்தான் வேறுபாடு வெளிப்படும். கடைகளில் காட்டப்படும் சான்றிதழ்களில் பெரும்பாலும் இருப்பது மொத்தக் கணக்கு.